கெடிலக்கரையில் ஐந்து நாள்

தை 1, செவ்வாய்

பொங்கலன்று ரயிலில் போகிறவர்கள் இரண்டு வகை. முன்கூட்டி டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒன்று, வீட்டில் பொங்கல் வைக்க ஆள் இல்லாதவர்கள் இன்னொன்று. நான் இரண்டிலும் வருவேன். எல்லோரும் முந்தின இரண்டு நாளிலேயே சென்னையைக் காலி செய்துகொண்டு போய்விட்டதால் சோழன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் கிடைத்தது. எதிர் சீட்டில் ஒரு கரும்புக் கட்டு மட்டும் உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் கதவருகே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பண்ருட்டியில் இறங்குகிறாராம். கரும்பு விளைகிற சீமைக்குத் தாம்பரத்திலிருந்து கரும்பு வாங்கிப் போகிற மனிதரை இன்றுதான் பார்த்தேன்.

விழுப்புரம் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. தை மாதத்தில் இந்த ஆற்றில் இவ்வளவு தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. மணல் புதிதாக, சலித்துக் கொட்டியதுபோல் கிடந்தது. கரையோர முள்மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே பழைய துணியும் பாலித்தீன் பையும் சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் ஏறிக் கட்டியதல்ல. போன மாதம் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீர் மாட்டிவிட்டுப் போனது. வண்டியில் இருந்தவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பினார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டது இல்லையா.

நெல்லிக்குப்பம் வந்ததும் ஆலை வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். அங்கே 1842இலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. அப்புறம் கெடிலம் ஆற்றுப் பாலம், அதைத் தாண்டினால் கடலூரில் நான் இறங்குகிற ஸ்டேஷன், திருப்பாதிரிப்புலியூர். பலகையில் முழுப் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள், வாயால் அப்படி யாரும் சொல்வதில்லை. திருப்பாப்புலியூர்தான். மீட்டர் கேஜ் காலத்தில் அம்மா என் கையைப் பிடித்து இந்த ஸ்டேஷனில் இறக்குவாள். 2010இல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு நான் ரயிலில் வருவது இது இரண்டாவது தடவை. கடைசியாக வந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

ஆட்டோக்காரர் லாரன்ஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அந்த ரயில்வே கேட்டில் நின்று நின்றே பாதிப் பேருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார் தாத்தா. இப்போது சுரங்கப்பாதை வந்துவிட்டது. "கேட்டு போட்டா பத்து நிமிஷம் ஜனம் நிக்கும்மா. கடலை, பூ, வாழைப்பழம் எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துல வித்துரும். இப்ப யாரு நிக்கிறா?" என்றார் ஆட்டோக்காரர். கேட் மூடினால் எல்லோருக்கும் கடுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். மூடினால்தான் அடுப்பெரியும் என்று காத்திருந்தவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

அண்ணா பாலத்தைக் கடந்து புதுப்பாளையம். மாமா வீட்டு வாசலில் இறங்கியதும் ஏதோ இடித்தது. வீடு குள்ளமாகிவிட்டது.

சின்ன வயதில் அந்த வீட்டுக்கு ஐந்து படி. கீழ்ப்படியில் நின்றால் என் தலை திண்ணைக்குக் கீழே இருக்கும். இன்று எண்ணினேன், இரண்டே படி. மாமா திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார்.

"என்ன பாப்பா, படிய எண்ணுறியா?"

"மூணு படி எங்க மாமா?"

"எங்கயும் போவல. ரோட்டுக்குள்ள இருக்கு."

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எதிர்வீட்டுக்குத் திண்ணையும் கிடையாது, படியும் கிடையாது. அந்த வீட்டுத் தரை இப்போது ரோட்டை விடக் கீழே. வாசலில் சிமெண்டில் ஒரு முழ உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் போக அதைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி அதைத் தாண்ட முடியாததால் வெளியே வருவதில்லை என்றாள் அத்தை.

மாமா டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் ஐந்து படியையும் ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறார். கீழிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறார். பக்கத்தில் வெள்ளம் வந்த வருஷங்கள். 2015இல் தண்ணீர் நாலாம் படி வரை. இந்த டிசம்பரிலும் நாலாம் படி வரை.

"தெருவே சொல்லுது, இந்தத் தடவ தண்ணி கம்மின்னு. அப்ப முட்டிக்கால் அளவு, இப்ப கணுக்கால்தான்னு. கம்மியெல்லாம் இல்ல. அதே தண்ணி. தெரு ஒசந்துருச்சு."

சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போயிருந்தது. பரவாயில்லை, ஆறின பொங்கல்தான் எனக்குப் பிடிக்கும். இந்த வருஷம் கேஸ் அடுப்பில் குக்கரில் வைத்தார்களாம். ஒப்புக்கு வாசலில் மூன்று செங்கல் வைத்து ஒரு சின்னச் சொம்பில் பால் மட்டும் பொங்கவிட்டாளாம் அத்தை.

தை 2, புதன்

இந்த ஊரில் யாரும் வருஷக் கணக்கு சொல்வதில்லை. நேற்று ராத்திரி அத்தையோடு பேசிக்கொண்டிருந்தபோது கவனித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் சுனாமிக்கு மறுவருஷம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் 'தானே' புயல் அடித்த அன்றைக்கு முந்தின வாரம். தோட்டத்து மாமரம் போனதும் தானேயில். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அந்தப் புயல் கரை ஏறியபோது, மாமரம் சாய்ந்த சத்தமே காதில் விழவில்லையாம், காற்று அப்படி. ஃபிரிட்ஜ் வாங்கியது 2015 வெள்ளத்துக்கு அப்புறம், பழையது தண்ணீரில் போனதால். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஃபெஞ்சல் என்று அத்தைக்கு வாயில் வரவில்லை. "அந்தப் பெஞ்சலோ கொஞ்சலோ" என்கிறாள்.

காலையில் மாமாவோடு ஆற்றங்கரைக்கு நடந்தோம். தெருவில் செம்மண் தீற்றிய கோலங்கள். பூசணிப் பூ நாலைந்து வாசலில்தான். ஒரு வாசலில் ஒட்டுக்கோலம், அதன் மேல் நிஜப் பூசணிப் பூ. அதுவும் சரிதான்.

கெடிலத்தை ஆறு என்று சொல்ல இன்றைக்குத் தயக்கமில்லை. இடுப்பளவுத் தண்ணீர் ஓடுகிறது. கரையில் ஆகாயத்தாமரை சுருண்டு காய்ந்து கிடக்கிறது. நடுவில் திட்டுகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன, சலவைக்கு வந்தவர்கள் மாதிரி. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இங்கே துவைகல் வரிசை இருந்ததே. நான் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு கல் இருக்கும். துணியை ஓங்கி அடிக்கிற சத்தம் நம் காதுக்கு வரும்போது அவர் கை மறுபடி மேலே போயிருக்கும். சத்தத்துக்கும் கைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை வைத்து அக்கரை எவ்வளவு தூரம் என்று மாமா கணக்குச் சொல்லிக் கொடுத்தது இதே இடத்தில்.

"எப்ப மாமா நின்னுச்சு?"

மாமா யோசித்தார். தானேக்கு முன்னாடியா, பின்னாடியா. சுனாமிக்கு முன்னாடியே குறைந்துவிட்டது என்று நினைவு. டீக்கடைக்காரரைக் கேட்டோம். அவர் கடை போட்டுப் பதினெட்டு வருஷமாம், வந்தபோதே யாரும் துவைக்கவில்லை என்றார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், இல்லையில்லை, நேற்றுக்கூட ஒருத்தர் துவைத்தார் என்றார். எந்த நேற்று என்று மாமா கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

புயல் ஒன்றும் வந்து அந்தக் கற்களைக் கொண்டுபோகவில்லை. அதனால்தான் யாருக்கும் தேதி தெரியவில்லை போலிருக்கிறது.

மாட்டுப் பொங்கல் என்பதால் ஒரு வீட்டு வாசலில் மூன்று மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம், மூன்றாவதற்கு ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு நீலம். டப்பாவில் மிச்சமிருந்தது அவ்வளவுதானாம். வீட்டுக்காரர் முன்பு பதினொரு மாடு வைத்திருந்தவர். ஆற்றில் குளிப்பாட்டுவதில்லையா என்று கேட்டேன். "ஆத்துலயா? மடி புண்ணாப்பூடும்மா. முனிசிபாலிட்டி தண்ணிதான்." ஊர் மாநகராட்சியாகி நாலு வருஷம் ஆகப்போகிறது. குழாய் மட்டும் இன்னும் முனிசிபாலிட்டி.

சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயில். பாதிரி மரம்தான் தலவிருட்சம், புலிக்கால் முனிவர் பூசித்த ஊர், ஆகப் பாதிரிப்புலியூர். பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போடச் சொல்ல, கல்லே தெப்பமாகி அவர் இந்தப் பக்கம் கரை சேர்ந்தார் என்பது கதை. கரையேறவிட்டகுப்பம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை. கடல் கொண்டுபோனதைத்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடல் திருப்பிக் கொடுத்ததற்கும் ஓர் ஊர்ப்பெயர் இருக்கட்டும்.

கோயிலில் நல்ல கூட்டம். செருப்பு காணாமல் போகவில்லை.

தை 3, வியாழன்

காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மத்தியானத்துக்கு மேல் போகிறவர் கடலைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம் என்று மாமா எச்சரித்தார். அதனால் காலை ஆறரைக்கே மாமாவின் டி.வி.எஸ். எக்ஸெல்லில் கிளம்பினேன். மாமா ஓட்டவில்லை, நான்தான். அவர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி வழி காட்டினார்.

போகிற வழியில் குண்டு சாலை. சின்ன வயதில் இது 'குண்டும் குழியுமான சாலை' என்பதன் சுருக்கம் என்று நினைத்திருந்தேன், பொருத்தமாகவும் இருந்தது. அது பீரங்கிக் குண்டு என்று மாமாதான் சொன்னார். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையைச் சுற்றிப் பீரங்கியால் சுடுவது, குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களும் கம்பெனிக்கு என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படி அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. அதுதான் செயிண்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனபோது கம்பெனிக்குத் தென்னாட்டில் இதுதான் தலைமையிடம். அப்புறம் 1758இல் இதையும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். இன்றைக்கு ஆற்றோரத்தில் செடி முளைத்த செங்கல் சுவர்தான் மிச்சம். அதன் மேல் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. அளந்து வாங்கிய யாரும் இல்லை, ஆடு இருக்கிறது.

கடற்கரையில் வெயில் வருமுன்பே கடைகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். படகுகள் ஒன்றும் போகவில்லை, பண்டிகைக்காக எல்லாம் மணலில் ஏறி நின்றன. எல்லாமே ஃபைபர் படகு. முன்பு இந்தக் கரையில் கட்டுமரம்தான் வரிசையாகக் கிடக்கும். அவிழ்த்துப் போட்டால் வெறும் நாலைந்து கட்டை, கட்டினால் மரம். சுனாமி நிவாரணத்தில் ஃபைபர் படகு வந்து சேர்ந்தது, கட்டுமரம் ஒதுங்கியது. பாருங்கள், இதற்கு மட்டும் சரியாகத் தேதி சொல்ல முடிகிறது.

போன டிசம்பர் 26ஆம் தேதியோடு இருபது வருஷம். அன்றைக்கும் வழக்கம்போல் கடலில் பால் ஊற்றினார்கள் என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய பையன் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த சிப்பியை எடுத்து எடுத்துத் தூரப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது.

மாமா எச்சரித்ததை மீறிச் சாயங்காலமும் போனேன். முதுகுகள்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட முதுகுகள்! புதுச்சட்டை மடிப்புக் கலையாத முதுகுகள், குழந்தை தொங்கிய முதுகுகள். மிளகாய் பஜ்ஜி வாடை. ஒலிபெருக்கியில் போலீஸ்காரர் கடலில் இறங்காதீர்கள் என்று பத்து தடவை சொன்னார், பிறகு, "நாலு வயசுப் பையன், நீலச் சட்டை, கையில பஞ்சுமிட்டாய், பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். பெத்தவங்க உடனே வரவும்" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து அதே குரலில், "பஞ்சுமிட்டாய் தீர்ந்துருச்சு, சீக்கிரம் வாங்க" என்றார். அம்மா அப்பா ஓடி வந்தார்களா என்று கடைசிவரை பார்க்க முடியவில்லை, அத்தனை கூட்டம்.

தை 4, வெள்ளி

இன்றைக்கு ஓ.டி. ஓல்டு டவுன் என்று வெள்ளைக்காரன் வைத்ததை முதுநகர் என்று அழகாக மாற்றிப் பலகை எழுதியாகிவிட்டது, கண்டக்டர் வாயில் மட்டும் ஓ.டி.தான். இந்த ஊரில் புதுநகர் என்றும் புதுப்பாளையம் என்றும் சொல்கிற இடங்களே என் பாட்டியின் பாட்டி காலத்தவை. அப்படியானால் முதுநகர் எவ்வளவு முது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம் இருக்கிற ஊர். ஆனால் கப்பல் கரைக்கு வந்து பார்த்ததில்லை. தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தோணியில் ஏற்றி உப்பனாற்று வழியாக உள்ளே கொண்டுவருவார்கள். தெருவில் அந்தக் காலக் கிடங்குகளின் உயரமான கதவுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு கதவில் 'இங்கு டியூஷன் எடுக்கப்படும்' என்று அட்டை. இன்னொன்று கல்யாணச் சாமான் வாடகைக் கடை, இருட்டில் பிளாஸ்டிக் நாற்காலி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. கதவு என்னவோ மாட்டு வண்டி சரக்கோடு நுழைகிற அகலம்.

நான் போனது மீனுக்கு. நாலு நாள் கழித்து நேற்று ராத்திரிதான் படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. ஏலக் குரலில் ஓர் அவசரம் தெரிந்தது. பொங்கல் மூன்று நாளும் சைவமாக இருந்த ஊர் முழுக்க இன்றைக்கு வந்து நிற்கிறது. சங்கரா, கிழங்கான், காரப்பொடி, ஒரு அன்னக்கூடை நிறைய மத்தி. நண்டு கால்களைக் கட்டிப் போட்டிருந்தும் நகரப் பார்த்தது.

கூறு கட்டி வைத்திருந்த அக்கா ஒருவரிடம் கிழங்கான் வாங்கினேன். வாங்கியதும் அவர் என்னைக் கேட்காமலே பக்கத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அருவாமனை போட்டு ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீன் ஆய்ந்து தருகிறவர்கள். முன்பு இது கிடையாது. மீனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோவோம். கொல்லையில் அம்மாச்சி சாம்பல் தொட்டு ஆய்வாள், பூனை இரண்டு பக்கமும் உட்காரும்.

"இது எப்பலேருந்துக்கா?"

"என்னாத்த எப்பலேருந்து?"

"இந்த மீன் வெட்டித் தர்றது."

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வெட்டித் தரலன்னா யாரு வாங்குறா இப்ப? மாடி வூட்டுல எங்க வெச்சு ஆய்வாங்க?" என்றார். அப்புறம் தானாகவே, "எங்க அம்மா தலைல கூடை வெச்சுத் தெருத்தெருவா போச்சு. நான் இங்கயே குந்திக்கினு விக்கிறேன். எம் பொண்ணு இந்தப் பக்கமே வர மாட்டேங்குது, நர்சிங் படிக்குது" என்றார். மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணினார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாள் ஆக்கினார்கள். விசைப்படகுகள் அந்த இரண்டு மாதமும் கட்டிக் கிடக்கும். அக்காவின் பேச்சில் அது சட்டம்போல் இல்லை, பருவம்போல் இருந்தது. "பனி முடிஞ்சா வெயிலு, வெயில்ல தடை, அப்புறம் மழை" என்றார். அரசு உத்தரவு ஒன்று பருவகாலமாகப் பழகிவிட்ட ஊரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது காற்று தெற்கிலிருந்து வீசியது. அந்தப் பக்கம் ரசாயன ஆலைகள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. நான் ஒருத்திதான் முந்தானையைத் தூக்கினேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்து, "ஊருக்குப் புதுசா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்றேன்.

கிழங்கான் குழம்புக்கு அத்தை முருங்கைக்காயும் மாங்காயும் போட்டாள். எழுத வேறொன்றும் இல்லை, சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

தை 5, சனி

இதற்காகத்தான் வந்தேன். ஆற்றுத் திருவிழா.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். பொங்கல் நாலாம் நாளோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கம் தை 5ஆம் நாள் ஆற்றுக்குப் போனால்தான் முடியும். சுற்று வட்டார ஊர்களின் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். மாரியம்மன், பெருமாள், பிள்ளையார், திரௌபதியம்மன் என்று எல்லோரும் ஒரே மணலில் வரிசையாக நிற்பார்கள். நாம் ஒவ்வொரு ஊருக்கும் போகவேண்டியதில்லை.

மஞ்சக்குப்பம் தாண்டி ஆல்பேட்டை. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களின் பையை மோந்து பார்க்கிற சோதனைச்சாவடி இருக்கிறதே, அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கச் சொன்னார்கள். நடுவில் தென்பெண்ணை, அக்கரையில் பெரியகங்கணாங்குப்பம். பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது ஆறு இரண்டு கரையிலும் மண்ணைக் கடித்து எடுத்திருந்தது தெரிந்தது. ஒரு தென்னை வேரோடு சாய்ந்து, குருத்து மட்டும் மறுபடி மேல்நோக்கி வளைந்திருந்தது. கரையோர வீடு ஒன்றின் சுவரில் ஜன்னலுக்குப் பாதி வரை சேற்றுக்கோடு. அந்தச் சுவர் மேலேயே பொங்கலுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். கோடு மறையவில்லை, மங்கலாக உள்ளிருந்து தெரிகிறது.

சாமிகள் டிராக்டரில் வந்தன. என் சின்ன வயதில் தோள்தான். டிராக்டரில் ஜெனரேட்டர், சீரியல் பல்பு, முன்னால் மேளம், அதற்கும் முன்னால் பறை, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு ஒரு ஸ்பீக்கர். ஒரு சாமிக்கு மட்டும் நாலு பேர் தோள் கொடுத்து வந்தார்கள். வேண்டுதலா என்று கேட்டேன். "இல்லக்கா, டிராக்டர் வழில மாட்டிக்கிச்சு" என்றான் ஒரு பையன். தோளில் பழக்கமில்லாததால் சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது. அந்தச் சாய்வுதான் எனக்கு அந்தக் காலத்தை அப்படியே கொண்டுவந்தது. அப்போதும் சாமி சாய்ந்துதான் வரும், உயரமான ஆளும் குட்டையான ஆளும் ஒரே பக்கம் மாட்டிக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் இந்த நாளில் ஆறு வறண்டு கிடக்கும். மணலில் கையால் தோண்டி ஊற்று எடுப்போம். யார் ஊற்றில் முதலில் தண்ணீர் தெளிகிறது என்று போட்டி. இந்த வருஷம் தோண்ட வேண்டியதே இல்லை, கெண்டைக்காலுக்கு மேல் ஓடுகிறது. குழந்தைகள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு தாத்தா, ஓடுகிற தண்ணீருக்குப் பத்தடி தள்ளி மணலில் பேத்திக்கு ஊற்று தோண்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பேத்திக்கு அதில் ஆர்வமில்லை, ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா விடவில்லை. தண்ணீர் தெளிந்ததும் அவரே முகம் கழுவிக்கொண்டார்.

சுருளிக் கிழங்கு! இதைச் சொல்லாமல் ஆற்றுத் திருவிழாவை எழுதினால் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். சிறுவள்ளி என்றும் சொல்வார்கள். சாக்கு விரித்து மண்ணோடு குவித்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஒன்றை ஒடித்து உள்ளே வெள்ளையா என்று பார்க்கிறார்கள். கரும்பு இல்லாமல்கூட வீட்டுக்குத் திரும்புவார்கள், இந்தக் கிழங்கு இல்லாமல் திரும்ப மாட்டார்கள். சென்னையில் நான் வேலை செய்கிற இடத்தில் பத்து பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. சேப்பங்கிழங்கா, கூர்க்கனா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. வேகவைத்துத் தோலுரித்து உப்புத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் சமையல் ஒன்றும் கிடையாது.

விற்கிற அம்மாவிடம் இந்த வருஷம் கிழங்கு எப்படி என்றேன். வெள்ளத்தில் தாழ்ந்த கொல்லையெல்லாம் அழுகிவிட்டது, மேட்டுக்கொல்லைக் கிழங்குதான் வந்திருக்கிறது, அதனால் விலை கூட என்றார். பக்கத்துச் சாக்குக்காரர் குறுக்கே வந்து, போன வருஷமும் இதே விலைதான், இந்தம்மா வருஷா வருஷம் ஒரு காரணம் சொல்லும் என்றார். அந்தம்மா அவர் மேல் ஒரு கிழங்கை விட்டெறிந்தார். அவர் அதைப் பிடித்துத் தன் குவியலில் போட்டுக்கொண்டார்.

இரண்டு கிலோ வாங்கினேன். மாமா மணலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். எதிரே ஏழெட்டு சாமிகள், நடுவில் பெண்ணையாறு, பின்னால் பஞ்சுமிட்டாய் வண்டி. சாப்பிட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்து வரைய ஆரம்பித்தார். சாமியை வரைகிறார் என்று எட்டிப் பார்த்தேன். பாலத்தின் தூணை வரைந்துகொண்டிருந்தார், அதில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று.

இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்தோம். காலெல்லாம் வண்டல். படியில் கால் வைக்காதே என்று அத்தை உள்ளிருந்தே கத்தினாள், ஒரு குடம் தண்ணீரை நாலாம் படியில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக் கழுவினேன், பிறகு மறுகால். சேறு கரைந்து படி வழியாக இறங்கித் தெரு ஓரத்தைத் தொட்டது. அங்கேயிருந்து போக வழியில்லை. தார் விளிம்பில் முட்டிக்கொண்டு, திரும்பிப் படியை ஒட்டியே தேங்கி நின்றது.

மாமா ஒன்றும் சொல்லாமல் தென்னந்துடைப்பத்தை எடுத்து வந்து அதை மேடேற்றித் தள்ள ஆரம்பித்தார்.